உத்திரமேரூர் ஏரி

உத்திரமேரூரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குடவோலைத் தேர்தலின் பெருமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அவ்வூரின் சரித்திரம் அதன் ஏரியிலேயே தொடங்குவதாகத் தோன்றுகிறது. பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற அந்த நீர்நிலை இல்லாவிடில், வானம் பார்த்த அந்தத் தொண்டைநாட்டுப் பூமியில் நெல் விளைவதும், விளைந்த நெல்லை நம்பி ஓர் ஊர் நிலைப்பதும் எங்ஙனம் சாத்தியமாகும்?

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஊரை முப்பது குடும்புகளாக வகுத்து, குடத்திலிட்ட ஓலைகளை ஒன்றுமறியாத ஒரு சிறுவன் கையால் எடுக்கச் செய்து, தேர்ந்தவர்களில் அறுவரை ஏரி வாரியமாக நியமித்த முறையை விஸ்தாரமாகக் கூறுகின்றன. கரையின் உறுதி, மதகின் ஒழுங்கு, ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்றும் பணி ஆகியவை எத்தனை ஜாக்கிரதையைக் கோருபவை என்பதை ஏரிப்பாசனம் அறிந்தவர் உணர்வார்கள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரையும் விலக்கி வைத்த விதியை வாசிக்குந்தோறும், பொதுச்சொத்தின்பால் அவ்வூர்ச் சபையோர் கொண்டிருந்த சிரத்தை என்னைப் பரவசப்படுத்துகிறது.

ஆயினும் பொதுவாகக் கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவன் பெயரே ஓலையில் ஏறிற்று. கூடை சுமந்து மண் வாரியோரின் பெயர்களுக்கு அக்குடத்தில் இடம் இருக்கவில்லை. அந்தக் கரையின் மதிப்பில் பெரும்பங்கு அவர்களுக்கே உரியது என்பது என் துணிபு.