புதிரும் கண்டிப்பும்: அல்குயினின் கணக்கு நூல்

கணக்கு வகுப்பில் விளையாட்டுக்கு இடம் உண்டா என்னும் வினா, இந்நாளில் எழுந்த புதுமை போலப் பேசப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, திருச்சபையின் பள்ளிகளையொட்டி எழுந்த ஒரு சிறு நூல் அதற்கு விடை தந்துள்ளது. அவ்விடையின் நிறைவையும் குறைவையும் ஒருசேர எடைபோட்டுப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

யார்க் நகரப் பேராலயப் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராக விளங்கியவர் அல்குயின். 781-இல் இத்தாலியின் பார்மா நகரில் சார்லமேன் மன்னரைச் சந்தித்த இவர், பின்னர் அம்மன்னரின் அரண்மனைப் பள்ளிக்குத் தலைவரானார். 796-இல் தூர் நகரத்துப் புனித மார்ட்டின் மடத்தின் தலைமையை ஏற்றார். குருப்பட்டம் பெறாது திருத்தொண்டராகவே வாழ்ந்து 804-இல் இறந்தார். 'இளைஞரின் அறிவைக் கூர்மையாக்கும் கணக்குகள்' என்னும் பொருள்படும் இலத்தீன் தலைப்புடன், ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட புதிர்களைக் கொண்ட தொகுப்பு ஒன்று இவர் பெயரால் வழங்குகிறது. தொகுத்தவர் இவரே என அறுதியிடச் சான்று போதாது. 1992-இல் ஜான் ஹாட்லி, டேவிட் சிங்மாஸ்டர் இருவரும் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டனர்.

நம் சிறுவர் புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று சொல்லி மகிழும் ஆற்றைக் கடக்கும் புதிர், இந்நூலில் ஓநாய், வெள்ளாடு, முட்டைக்கோசு என வருகிறது. ஏழு பயணங்களில் அது முடிகிறது. அக்கரை சேர்த்த ஆட்டை மீண்டும் இக்கரைக்கே கொண்டுவர வேண்டும் என்பதே அதன் நுட்பம். பின்னோக்கி வைக்கும் அடியும் முன்னேற்றமாகலாம் என்பதைச் சிறுவன் தானே கண்டடைகிறான்.

மற்றொரு புதிர் நூறு படிகள் கொண்ட ஏணியைப் பற்றியது. முதற்படியில் ஒரு புறா, இரண்டாம் படியில் இரண்டு, இவ்வாறே நூறாம் படியில் நூறு. மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றாகக் கூட்டுபவன் களைத்துப்போவான். முதற்படியையும் தொண்ணூற்றொன்பதாம் படியையும் சேர்த்தால் நூறு. இரண்டையும் தொண்ணூற்றெட்டையும் சேர்த்தாலும் நூறு. இப்படி 49 இணைகள் 4,900 ஆகின்றன. எஞ்சிய ஐம்பதாம் படியையும் நூறாம் படியையும் கூட்ட, விடை 5,050. இவ்வழியை நூலே விளக்குகிறது.

இவற்றின் சிறப்பு யாது? இன்று பல வகுப்புகளில் விளையாட்டு என்ற பெயரில் நடப்பது வேறு. வாய்பாட்டை முந்திச் சொன்னவனுக்கு மிட்டாய்; பிந்தியவனுக்கு நகைப்பு. அவ்விளையாட்டில் கணக்கை எடுத்துவிட்டு நாடுகளின் தலைநகரங்களை வைத்தாலும் ஆட்டம் மாறாது. புறாக்களின் புதிரிலோ கணக்கை நீக்கினால் எஞ்சுவது ஏதுமில்லை. இன்பம் பரிசில் இல்லை, சிந்தனையிலேயே இருக்கிறது. நல்ல கணக்கு விளையாட்டை அறிய இதுவே உரைகல் என்று நாம் கருதுகிறோம்.

எளிய வகுத்தல் கணக்கிலும் நூல் இவ்வின்பத்தை ஊட்டுகிறது. தகைவிலான் குருவி நத்தையை விருந்துக்கு அழைக்கிறது. நாளொன்றுக்கு ஓர் அங்குலம் நகரும் நத்தை, 90,000 அங்குலத் தொலைவைக் கடக்க 246 ஆண்டும் 210 நாளும் ஆகும். அந்த விருந்தை எண்ணி மாணவன் சிரிக்கிறான். அச்சிரிப்பு விடையிலிருந்தே பிறக்கிறது.

ஆயினும் நூலில் குறைகள் உண்டு. நூறு காசுக்கு நூறு பன்றிகள் வாங்கும் கணக்கில், ஆண் பன்றி பத்துக் காசு, பெண் பன்றி ஐந்து காசு, குட்டிகள் இரண்டு ஒரு காசு. ஆண் 1, பெண் 9, குட்டி 90 என்னும் விடையைச் சரிபார்த்துக் காட்டும் நூல், அதனை அடையும் வழியைச் சொல்வதில்லை. வழியை மறைத்து விடையை மட்டும் நீட்டும் ஆசிரியர், மாணவனை வியக்க வைக்கலாம்; வளர்க்க இயலாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. முந்நூறு பன்றிகளை மூன்று நாள்களில், நாள்தோறும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கொல்ல வேண்டும் என்கிறது ஒரு புதிர். மூன்று ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை ஒற்றையாகவே இருக்கும். ஆதலின் இது நடவாது. இது யாராலும் தீர்க்க முடியாத கணக்கு என்றும், சிறுவரைக் கண்டிப்பதற்காக அமைக்கப்பட்டது என்றும் நூலே கூறிவிடுகிறது. இங்குதான் நாம் மாறுபடுகிறோம். ஒரு செயல் ஏன் இயலாது என்று நிறுவுவது கணிதத்தின் உயர்ந்த கலைகளுள் ஒன்று. கையில் கிடைத்த அம்மணியைத் தொகுப்பாளர் பிரம்பாக்கிவிட்டார். 'ஏன் முடியவில்லை?' என்று ஒரு வினா தொடுத்திருந்தால், தோற்ற சிறுவனே நிறுவியவனாக எழுந்து நின்றிருப்பான்.

நம் ஆண்டவரும் கதை சொல்லி வினா எழுப்பியே கற்பித்தார். அவ்வினாக்கள் கேட்போரைச் சிந்திக்கத் தூண்டின. எளியோரை நாணச் செய்யவில்லை. கணக்கு வராது என்று தன்னைத் தானே ஒதுக்கிக்கொள்ளும் பிள்ளை நம் பள்ளிகளில் உண்டு. அறிவின்மையைவிட அவமானமே அப்பிள்ளையைப் பெரிதும் தடுக்கிறது. ஆதலின் அல்குயினின் ஏணியையும் ஓடத்தையும் நத்தையையும் நம் ஆசிரியர்கள் தயக்கமின்றி வகுப்பறைக்குள் கொண்டு செல்லட்டும். முந்நூறு பன்றிகளையும் கொண்டு செல்லட்டும்; கண்டிப்பை மட்டும் வாயிலிலேயே விட்டுவிடட்டும்.