தோணியும் துறையும்: கொட்டியாரக் கடல்சார் எழுத்தில் அறிவும் அதிகாரமும்

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் ‘மண்வாசனை’ என்னும் சொல் 1950களின் பிற்கூற்றிலிருந்து பெருவழக்குப் பெற்றது. தத்தம் ஊரையும் ஊர்மக்களின் பேச்சையும் எழுத்திற் கொணரும் துணிவை எழுத்தாளர்க்கு அது வழங்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அச்சொல்லாற் பிரதேச வழக்கு படைப்புக்கு மணமூட்டும் ஓர் அணியாக மட்டுமே கணிக்கப்படும் நிலையும் தோன்றியது. நெய்தல் நிலம் பற்றிய எழுத்துக்களைப் பொறுத்தவரை இக்குறைபாடு மிகப் பெரிது. மீனவன் வாயிலிருந்து வரும் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்னும் சொற்களை வட்டார வழக்கெனக் குறித்துவிட்டு நாம் அப்பாற் செல்கிறோம். கடலுக்குப் போகலாமா, எப்பக்கம் போகலாம், எவ்வலையை எடுக்கலாம் எனத் தீர்மானிப்பதற்கு வழிகாட்டும் கலைச்சொற்கள் அவை என்பதை நாம் எண்ணுவதில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவையும் அதன் கரையிலுள்ள மூதூரையும் களமாகக் கொண்டு இதனை நோக்குவது பொருத்தமுடையது. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடம் இது. கரைக்கு அண்மையிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு அமைந்திருப்பதும் இப்பகுதிக் கடலின் சிறப்பாகும். நன்னீரும் உவர்நீரும், ஆழமும் ஆழமின்மையும் அடுத்தடுத்து நிலவும் இக்கடலை அறிந்து தொழில் செய்வதற்கு ஒரு பருவத்துப் பயிற்சி போதாது. தலைமுறைகளின் தேட்டம் வேண்டும்.

மூதூர் ஈன்ற எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் (1925-2001). அவரது ‘தோணி’ சிறுகதைத் தொகுதி 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. தலைப்புக் கதையின் அச்சாணி மிக எளிமையானது: மீனவக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தனக்கெனச் சொந்தமாக ஒரு தோணி வேண்டுமென ஏங்குகிறான். இக்கதை வறுமையின் சித்திரம் எனவும், மண்வாசனைக்கு நல்லுதாரணம் எனவும் பலகாலும் பாராட்டப்பட்டுள்ளது. இரண்டும் தவறான கூற்றுக்களல்ல. எனினும் அவை கதையின் மையத்தைத் தொடவில்லை என்பதே எமது கருத்து.

அச்சிறுவனிடம் இல்லாதது எது? கடலறிவு அவனுக்குப் பிறப்புரிமை போல வந்து சேர்வது. கரையிலே பிறந்து தந்தையின் தொழிலைக் கண்டு வளர்பவன் அவன். தோணி இல்லாதவனோ பிறர் குறித்த நேரத்திற் போய், பிறர் குறித்த இடத்தில் வலை வீசி, பிறர் பகிர்ந்தளிக்கும் பங்கைப் பெற்றுக்கொள்ள வேண்டியவன். ஆகவே தோணி வேண்டும் என்ற ஏக்கம் பொருளாசையன்று. தான் அறிந்ததைத் தானே செயற்படுத்தும் உரிமைக்கான வேட்கை. அறிவு ஒருவரிடமும் தீர்மானம் வேறொருவரிடமும் இருக்கும் நிலையையே ‘தோணி’ பேசுகிறது.

கிழக்குக் கரையின் கரைவலைத் தொழிலில் இந்நிலையைத் தெளிவாகக் காணலாம். வலைக்கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுத் தோணியிற் சென்று கடலை அரைவட்டமாக வளைத்து மறுதலைப்பைக் கரைசேர்ப்பர். பின்னர் இரு அணியினர் ஒத்த வேகத்தில் இழுக்க, மீன் மடியிற் சேரும். எங்கே, எப்போது வளைப்பது என்பதை நீரின் நிறமாற்றமும் பறவைகளின் நடமாட்டமும் அறிந்த மூத்தவரே கூறவல்லார். தமிழ்க் கரையோரங்களில் ‘மண்டாடி’ என வழங்கப்படுபவர் இத்தகையவரே. ஆனால் வலையும் தோணியும் சம்மாட்டிக்குரியவை. வலை வளைக்கும் கரைப்பகுதியாகிய ‘பாடு’ யாருக்கு உரியது என்பது, ஒரு காலத்தில் ஊர் வழக்காலும் பின்னர் அரச அனுமதியாலும் முடிவானது. நாட்டாரியல் ஆர்வலர் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களைத் தேடித் தொகுத்தமை போற்றத்தக்கதே. ஆயினும் பாடலைத் தொகுத்த நாம் ‘பாடு’ பற்றிக் கேட்க மறந்தோம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. மரபுத் தலைமை என்றதும் அதனை நீதியின் உறைவிடமாகக் கற்பிதஞ் செய்துகொள்ளல் ஆகாது. தகழியின் ‘செம்மீன்’ (1956) நாவலிலே செம்பன்குஞ்ஞுவும் ‘தோணி’ச் சிறுவனைப் போலப் படகுக்கும் வலைக்குமே ஏங்குகிறான். அவன் படகு வாங்க முனையும்போது, படகுடைமை இன்ன பிரிவினர்க்கே உரியது என்ற வழக்கும் துறைத்தலைவரின் அதிகாரமும் குறுக்கிடுகின்றன. அங்கே மரபு கடலைக் காப்பதோடு சிலருடைய சலுகையையும் காக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) மறுபக்கத்தைக் காட்டுகிறது: விசைப்படகு வந்ததும் வல்லக்காரரின் ஊர்க்கட்டு குலைகிறது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) பருவந்தோறும் நெடுந்தீவுக்கு வந்து வாடி அமைக்கும் வெளியூர் மீனவருக்கும் தீவு மக்களுக்குமிடையிலான உறவையும் முரணையும் பொருளாகக் கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபப் பகுதிகளிலிருந்து மீனவர் வந்து தங்கும் திருகோணமலைக் கரைக்கு இப்பிரச்சினை அந்நியமானதன்று. இம்மூன்று நாவல்களையும் ஒருங்கே நோக்குமிடத்து, மரபுத் தலைமையின் தகுதி அதன் பழமையில் தங்கியிருக்கவில்லை என்பது புலனாகும். யார் பேச்சுக்கு அது செவிசாய்க்கிறது என்பதே தகுதிக்கான அளவுகோல்.

சமூக விஞ்ஞானிகளின் ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. பொதுவளம் எவ்வாறாயினும் அழிந்தே தீரும் என்ற கருத்தை 1968இல் காரட் ஹார்டின் முன்வைத்தார். 1990இல் வெளியான தமது நூலில் எலினோர் ஒஸ்ட்ரொம் அதனை மறுத்து, பயன்படுத்துவோரே விதிவகுத்து வளங்காத்த பல இடங்களை எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தோல்வியுற்ற உதாரணங்களுள் ஒன்றாக அவர் காட்டுவது இலங்கையின் தென்கரைக் கிராமமான மாவெல்ல. போல் அலெக்சாந்தரின் களஆய்வை ஆதாரமாகக் கொண்டு அவர் கூறுவதன் சாரம் இதுவே: கரைவலைகளைப் பாட்டுமுறைப்படி வளைப்பதற்கு அவ்வூரார் நுட்பமான ஒழுங்கை வகுத்திருந்தனர். வலைகள் அளவுக்கு மிஞ்சினால் அனைவருக்கும் நட்டமென்பதும் அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனால் புதிய வலைகளைத் தடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. சட்டத்திலிருந்த கட்டுப்பாடும் செல்வாக்குள்ளோரின் தலையீட்டால் நடைமுறையாகவில்லை. மூதூர்க் கதையிற் சிறுவனுக்கு நேர்ந்தது மாவெல்லவில் ஊருக்கே நேர்ந்தது.

கொட்டியாரத்தில் இதனினும் அடங்கிய குரலொன்று உண்டு. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் மீன்பிடித்தும் மரந்தறித்தும் வாழ்ந்த கரையோர வேடரைப் பற்றி எமர்சன் டெனன்ற் 1859இல் எழுதினார். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் நூலும் அவர்களைக் குறிப்பிடுகின்றது. மூதூர், வாகரைப் பகுதிகளில் அவர்தம் வழித்தோன்றல்கள் தமிழ்பேசி வாழ்கின்றனர். தமிழ் பேசுவதாலேயே ‘கலப்புற்றோர்’ என ஆய்வாளராலும், வறியோர் என அயலவராலும் அவர்கள் ஒதுக்கப்பட்டமை வருந்தத்தக்கது. காட்டையும் களப்பையும் கடலையும் ஒருங்கறிந்த அம்மக்களின் அறிவு நமது புனைகதையிலும் போதிய இடம் பெறவில்லை. ‘சுதேச அறிவு’ பற்றிப் பேசும் தமிழர் முதலிற் கேட்கவேண்டியது அவர்களுடைய குரலையே.

இவையெல்லாம் நூலகத்து வினாக்கள் எனக் கருதுவோர் சம்பூரை நினைத்துப் பார்த்தல் நன்று. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் முகாம்களில் வாழ்ந்தனர்; 2015இலேயே அவர்களது காணிகள் விடுவிக்கப்படலாயின. போகும்போது ஒன்பது வயதாயிருந்த சிறுவன் திரும்பும்போது பதினெட்டு வயது இளைஞன். தோணியின் அணியத்திலமர்ந்து காற்றின் பெயர்களைக் கற்கவேண்டிய பருவம் முழுவதும் அவனுக்குக் கரையில்லை. இராசரத்தினத்தின் சிறுவன் தோணிக்கு ஏங்கினான். இவனுக்கோ ஏங்கி நிற்பதற்கான கடற்கரையே இருக்கவில்லை. கடலறிவு ஏட்டிற் சேமிக்கப்படுவதன்று. ஒரு தலைமுறை கடலுக்குப் போகாவிடின் அதன் கண்ணி அறுந்துவிடும்.

1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் மீன்பிடி முகாமைத்துவப் பிரதேசங்களுக்கும் அவற்றில் மீனவர் குழுக்களுக்கும் இடமளிக்கின்றது. ஆயினும் பிரதேசத்தைப் பிரகடனஞ் செய்யும் அதிகாரம் அமைச்சருடையது. சிறு அளவிலான மீன்பிடி பற்றி 2014இல் உலக உணவு விவசாய நிறுவனத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிகாட்டி நெறிகள் வழமையுரிமையையும் மரபறிவையும் மதிக்குமாறு கோருகின்றன. ஆனால் அவை அரசுகளைக் கட்டுப்படுத்துவன அல்ல. வெடிவைத்து மீன்பிடித்தலும் சுருக்குவலைப் பிணக்குகளும் இக்கரையில் தொடர்ந்து எழுந்தவை. அவற்றைத் தீர்க்கும் அவையில் தமிழ், முஸ்லிம், சிங்கள, வேட மீனவர் அனைவரும் தகவல் சொல்லும் சாட்சிகளாக மட்டுமன்றி, முடிவெடுப்போராகவும் அமரவேண்டும். மீனை உலர்த்தி விற்கும் பெண்களுக்கும் அங்கு இடமுண்டு.

விமர்சகர்க்கும் இதிற் பங்குண்டு. ‘தோணி’யை மீண்டும் வாசிக்கும் மாணவர், அதிலுள்ள வழக்குச் சொற்களுக்குப் பொருள் எழுதுவதோடு நிறுத்தாது, அச்சொற்களை அறிந்தவரிடம் எவ்வுரிமை இருந்தது, எவ்வுரிமை இல்லாதிருந்தது என வினவுவாராக. மண்வாசனையை நுகர்ந்த நாம், மண்ணும் கடலும் யாருக்குரியன எனக் கேட்கத் தொடங்குமிடத்திலேயே நெய்தல் இலக்கியத்தின் மெய்யான விமர்சனம் தொடங்குகிறது.