மூடிய அரங்கும் வந்துசேர்ந்த பார்வையாளரும்: பாரிஸ் லூக்சோரை முன்வைத்து

பழைய திரையரங்குகளின் வரலாற்றைக் கட்டடத்தைக் கொண்டே எழுதுவது தமிழில் வழக்கமாகிவிட்டது. 1905-இல் திருச்சியில் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர்தோறும் கூடாரமடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கோவையில் எழுப்பிய வெரைட்டி ஹால் அதற்கு நன்கு இடந்தருகிறது. அரங்கின் பெயர் சாலைக்கே நிலைத்துவிட்டது. புலம்பெயர்ந்தோர் வாழிடத்தில் இம்முறை தடுமாறுகிறது.

பாரிசின் ரூ பிலிப்-து-ஜிராரிலிருந்து நடைதூரத்தில், பார்பெஸ் சந்திப்பில் நிற்கிறது லூக்சோர். எகிப்தியக் கோலத்தில் ஆன்ரி சிப்சி வடிவமைத்த இவ்வரங்கு 1921-இல் திறக்கப்பட்டது. 1970களில் குடியேறிகளுக்காக அரபுப் படங்களும் இந்திப் படங்களும் இங்கு ஓடின. 1983 இறுதியில் மூடப்பட்டது. அவ்வாண்டின் கறுப்பு யூலைக்குப் பின்னரே ஈழத்தமிழர் இப்பகுதிக்குப் பெருந்தொகையில் வரலாயினர். அவர்கள் அறிந்த லூக்சோர் படம் ஓடாத கட்டடம். தமிழ்ப்படம் கடைகளில் வாடகை வீடியோ நாடாவாகவே கிடைத்தது, வீட்டுக்கூடமே அரங்காயிற்று.

2003-இல் நகராட்சி வாங்கிய லூக்சோர், 2013-இல் மீண்டும் திறந்தபோது பெரிய அரங்கு 1921-இன் கோலத்தைப் பெற்றது. மூலபாடம் தேடும் பதிப்பாசிரியர் பிற்கால அடுக்குகளை இடைச்செருகலென ஒதுக்குவதை ஒத்தது இது. அவ்வரங்கிற்கு எகிப்திய இயக்குநர் யூசுப் ஷாஹீன் பெயரிட்டமை அரபுப் பார்வையாளரையேனும் நினைவூட்டுகிறது. தமிழருக்கோ அக்கட்டடத்தில் தேட ஏதுமில்லை. அவர்தம் திரைவரலாற்றுக்குச் சான்று கடைப் பேரேடும் நாடா உறையும், அவற்றை வாடகைக்கு விட்டோரின் நினைவுமே. காந்த நாடாவில் பூஞ்சணம் படர்கிறது, கடைக்காரர்களுக்கும் வயதாகிறது. தொகுப்பதாயின் அவர்கள் உள்ளபோதே தொகுக்கவேண்டும்.