பட்டை சுற்றும் முன்

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், காளையார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம் பார்க்கிற நேர்த்தி எனக்கு அவ்வளவு பிடிக்கும். வந்ததும் கருவியை எடுப்பதில்லை. "அப்பத்தா, கம்மாயில தண்ணி கெடக்கா?" என்று திண்ணையில் உட்காருவார்கள். வேலையாக இருந்த உடம்பு அடங்க 5 நிமிடமாவது வேண்டும். அந்த ஓய்வை விசாரிப்பாகவே கொடுத்துவிடுகிறார்கள். கையில் பட்டையைச் சுற்றியதும் பேச்சு நிற்கும். பேசினால் அளவு கூடிக் காட்டும். எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது என்று தெரிந்த கைதான் தேர்ந்த கை.

மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருந்தால் அதட்டுவதில்லை. "இதப் போட்டா என்ன செய்யிது ஒங்களுக்கு?" என்கிறார்கள். அதற்குத்தான் அப்பத்தா வாய் திறக்கிறார்: வெறும் வயிற்றில் போட்டது, தலை சுற்றியது, பயந்து நிறுத்தியது எல்லாம்.