சொற்களும் ஒரு கூறே: மொழியாய்வில் குழுத்தரவும் பன்னிலை மாதிரியும்

1. சிக்கல்

மொழியியலாளர் திரட்டும் தரவு தனித்தனி மணிகளாகக் கிடைப்பது அரிது. அது கொத்துக் கொத்தாகவே வந்து சேர்கிறது. ஒரே பேச்சாளரிடமிருந்து நூறு உயிரொலிகள் பதிவு செய்யப்படுகின்றன. ஓர் ஊரிலிருந்து இருபத்தைந்து பேச்சாளர்கள் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். ஒரே மொழிபெயர்ப்புப் பத்தியை முப்பது வாசகர்கள் படித்து மதிப்பிடுகின்றனர். ஒருவர் வாயில் பிறந்த நூறு ஒலிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் இயல்புடையன. ஓரூரார் பேச்சும் அத்தகையதே. ஆயினும், வழக்கமாகக் கையாளப்படும் கை-வர்க்கச் சோதனையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வின் எளிய வடிவமும் ஒவ்வொரு பதிவையும் பிறவற்றைச் சாராத தனிச் சான்றாகவே எண்ணுகின்றன. இதனால் சான்றின் அளவு மிகைபடக் கணிக்கப்படுகிறது.

மிகை எவ்வளவு என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். நாற்பது ஊர்களில் ஊருக்கு இருபத்தைந்து பேராக 1000 பேச்சாளர்களைக் கண்டு வினவியதாகக் கொள்வோம். ஓரூராரிடையே உள்ள ஒப்புமைக் கெழு 0.1 என்ற சிறு அளவாக இருப்பினும், கணிப்பின் பரவற்படி 1 + (25 − 1) × 0.1, அதாவது 3.4 மடங்காகப் பெருகுகிறது. 1000 பேரின் சான்று, ஒருவரையொருவர் சாராத ஏறத்தாழ 294 பேரின் சான்றுக்கே ஈடாகிறது. ஊருக்கு ஊர் வேறுபாடு மிகுந்த ஓர் ஒலிக்கூறாயின் இவ்வெண் இன்னும் குறையும்.

இச்சிக்கல் பொதுமக்கள் கவனத்திற்கு வந்தது கல்வித்துறை வாயிலாகவே எனலாம். வடமேற்கு இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் நெவில் பென்னட் நடத்திய ஆய்வு 1976இல் நூலாக வெளிவந்து, மரபுவழிக் கற்பித்தலே மாணவர் முன்னேற்றத்திற்கு ஏற்றது என்ற கருத்துக்குப் பெரும் வலுச் சேர்த்தது. மாணவர்களை எண்ணிய அவ்வாய்வு, அவர்கள் ஓர் ஆசிரியரின் வகுப்பில் ஒருங்கிருந்தவர்கள் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. வகுப்பையும் ஒரு நிலையாகச் சேர்த்து 1981இல் செய்யப்பட்ட மறுபகுப்பாய்வில் முந்தைய முடிவுகள் பெரிதும் வலுவிழந்தன. அம்மறுபகுப்பாய்வின் ஆசிரியர்களுள் பென்னட்டும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

2. கிளார்க்கின் வாதம்

மொழியாய்வுக்குள் இக்குறையை ஆணித்தரமாகச் சுட்டியவர் ஹெர்பர்ட் கிளார்க். ‘மொழியை நிலைத்த விளைவாகக் கொள்ளும் போலிவாதம்’ என்று தமிழில் பெயரிடத்தக்க அவருடைய கட்டுரை 1973இல் வெளிவந்தது. கோல்மன் என்பார் 1964இலேயே இக்கருத்தை வெளியிட்டிருந்தார். கிளார்க்கும் அதனை மறைக்கவில்லை. ஆனால் கோல்மனின் எச்சரிக்கை செவியேறவில்லை. கிளார்க்கின் கடுமையான தலைப்பு அதனைச் செவியேறச் செய்தது.

அவ்வாதம் எளியது. இருபது பெயர்ச்சொற்களையும் இருபது வினைச்சொற்களையும் மாணவர்களுக்குக் காட்டி, பெயர்ச்சொற்கள் விரைவில் அறியப்படுகின்றன என்று ஓர் ஆய்வாளர் காண்கிறார் என்போம். அவர் முடிவுரைப்பது அவ்விருபது சொற்களைப் பற்றியன்று. அம்மொழியின் பெயர்ச்சொற்கள் அனைத்தையும் பற்றியே. அங்ஙனமாயின், மாணவர்கள் எவ்வாறு ஒரு பெருந்தொகுதியின் கூறோ, அவ்வாறே அச்சொற்களும் ஒரு கூறு. வேறு மாணவர்களை அழைத்தால் முடிவு நிலைக்குமா என்று கேட்கும் ஆய்வாளர், வேறு சொற்களை வைத்தால் நிலைக்குமா என்றும் கேட்கக் கடமைப்பட்டவர். ரூபன்ஸ்டைனும் உடனாய்வாளர்களும் சொல்லறிதல் பற்றி அக்காலத்தில் வெளியிட்ட முடிவுகள் உள்ளிட்ட சிலவற்றைக் கிளார்க் இந்நோக்கில் மறுகணக்கிட்டுக் காட்டினார். நிறுவப்பட்டதாகக் கருதப்பட்டவை அவ்வலிமையை இழந்தன.

இதற்கு எழுந்த மறுப்புகளில் முதன்மையானது, ஆய்வாளர் எவரும் சொற்களைக் குலுக்கல் முறையில் எடுப்பதில்லை என்பது. நீளம், வழக்கு மிகுதி, அசையமைப்பு ஆகியவை பொருந்துமாறு பார்த்துப் பார்த்தே அவை தெரிந்தெடுக்கப்படுகின்றன. எழுத்தளவில் இம்மறுப்பு சரியே. ஆனால் அது போலிவாதத்தைக் காப்பாற்றாது. சோதனைக்கு உட்படும் மனிதர்களும் குலுக்கி எடுக்கப்படுபவர் அல்லர். பெரும்பாலும் ஆய்வாளரின் துறை மாணவர்களே. மனிதர்க்கு வழங்கும் சலுகையைச் சொல்லுக்கு மறுப்பதற்கு ஏற்ற காரணம் ஏதும் காட்டப்படவில்லை.

மொழிபெயர்ப்பு மதிப்பீட்டில் இது நேரடியாகப் பொருந்தும். ஒரு புதினத்தின் இரு தமிழாக்கங்களை ஒப்பிட விரும்புவோர் நான்கு பத்திகளைத் தெரிந்து நூறு வாசகர்களிடம் அளித்து, நானூறு மதிப்பெண்களைப் பெற்று, ‘முதல் தமிழாக்கமே தெளிவானது’ என்று முடிவு கட்டுவராயின், அம்முடிவு நிற்பது நானூறு சான்றுகளின் மேலன்று. நான்கு பத்திகளின் மேல்தான். வாசகர் தொகையை ஆயிரமாக உயர்த்தினாலும் பத்திகள் நான்கே. உரையாடற் பகுதியில் சிறந்த மொழிபெயர்ப்பாளர் வருணனையில் தளரக்கூடும். அந்நான்கும் உரையாடலாக அமைந்துவிட்டால் வாசகர் எண்ணிக்கை எதையும் மீட்காது.

3. மருந்து சடங்கானமை

நோயைச் சரியாகக் கண்ட கிளார்க், தம் காலக் கணக்கீட்டு வசதிக்குள் ஒரு மருந்தையும் தந்தார். ஆட்களைக் கூறாகக் கொண்டு ஓர் எஃப் விகிதமும், சொற்களைக் கூறாகக் கொண்டு மற்றோர் எஃப் விகிதமும் கண்டு, அவ்விரண்டின் பெருக்கற்பலனை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ‘குறும எஃப்’ கிடைக்கும். அதுவே எல்லையைத் தாண்ட வேண்டும் என்றார். ஆனால் பின்வந்த ஆய்வாளர்கள் மூன்றாம் படியை விட்டுவிட்டு, முதலிரண்டு விகிதங்களும் தனித்தனியே எல்லையைத் தாண்டினால் போதும் என்ற வழக்கத்தைக் கைக்கொண்டனர். பல்லாண்டுகள் ஆய்விதழ்கள் அதனை ஏற்றன.

இவ்வழக்கம் பிழையானது என்பதற்குப் பெருங்கணக்கு வேண்டுவதில்லை. இரு விகிதங்களும் 5 எனக் கொள்வோம். 1, 30 என்ற வரையின்மைப் படிகளுக்கு ஐந்து விழுக்காட்டு எல்லை 4.17 ஆதலின் இரண்டும் தேறிவிடும். குறும எஃபோ 25ஐ 10ஆல் வகுக்கக் கிடைக்கும் 2.5 மட்டுமே, அது தேறாது. ‘வேறு ஆட்கள் வந்தால்?’, ‘வேறு சொற்கள் வந்தால்?’ என்ற இரு வினாக்களைப் பிரித்துக் கேட்பது, ‘இரண்டும் ஒருசேர மாறினால்?’ என்ற வினாவிற்கு விடையாகாது. ராய்மேக்கர்சும் இருவரும் 1999இல் எழுதிய கட்டுரை இதனைத் தெளிவாக்கியதோடு, சொற்பட்டியல்கள் முறைப்படி மாற்றி மாற்றி அளிக்கப்படும் ஆய்வமைப்புகளில் இரண்டாம் சோதனையே தேவையற்றது என்றும் காட்டியது. வழக்கம் உடனே மறையவில்லை. ஒரு முறை எதற்காக வந்தது என்பது மறந்தபின், அதைச் செய்வதே நெறியாகிவிடும் நிலைக்கு இது நல்ல சான்று.

4. பன்னிலை மாதிரி தருவது

பள்ளி ஆய்வாளர்களின் தரவு ஒன்றனுள் ஒன்று அடங்குவது: மாணவர் வகுப்பிலும், வகுப்பு பள்ளியிலும் அடங்கும். ஹார்வி கோல்ட்ஸ்டைன் போன்றோர் 1980களில் வளர்த்த மாதிரிகள் இவ்வமைப்பிற்கு ஏற்றவை. மொழியாய்வுத் தரவோ பெரும்பாலும் குறுக்காகப் பின்னப்பட்டது. எல்லாரும் எல்லாச் சொற்களையும் காண்கின்றனர். ஆள் சொல்லுக்குள்ளும் அடங்கார், சொல் ஆளுக்குள்ளும் அடங்காது. இத்தகைய பின்னலைப் பெருந்தரவில் கணிக்கும் வசதி எல்.எம்.இ.4 போன்ற மென்பொருள் தொகுப்புகளால் எளிதாயிற்று. பாயன், டேவிட்சன், பேட்ஸ் ஆகியோர் 2008இல் எழுதிய கட்டுரை அதனை மொழியாய்வாளர்க்கு அறிமுகப்படுத்தியது. கிளார்க்கின் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே, பெயர் மாறிய நிலையில், இதனையும் வெளியிட்டது.

இம்மாதிரியில் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அடிநிலை அளவும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடிநிலை அளவும் உண்டு. ஆனால் அவை கட்டற்று மிதப்பதில்லை. பொதுச் சராசரியைச் சுற்றிய ஒரு பரவலிலிருந்து வந்தவையாகக் கொள்ளப்படுகின்றன. இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஓர் உயிரொலியின் பொதுச் சராசரி நீளம் 180 மில்லிவினாடி. ஒருவர் பேச்சுக்குள் காணும் பரவற்படி ஆட்களிடையே காணும் பரவற்படியைப் போல் 20 மடங்கு என்போம். இரு பேச்சாளர்களின் சராசரியும் 230. ஒருவரிடம் 5 பதிவுகளும் மற்றவரிடம் 200 பதிவுகளும் உள்ளன. முன்னவர்க்கு அளிக்கப்படும் நம்பிக்கை 5/25. ஆகவே அவர்தம் கணிப்பு 190. பின்னவர்க்கு 200/220; கணிப்பு ஏறத்தாழ 225. ஐந்து பதிவுகளை வைத்து ஒருவரைத் தனிப்போக்கினர் என்று அறிவிப்பதும், அவரை அடியோடு பொதுச் சராசரியில் கரைப்பதும் ஆகிய இரு குறைகளுக்கும் இடைப்பட்ட வழி இது. கள ஆய்வில் சிலர் மிகுதியாகவும் சிலர் சிறிதளவும் பேசுவதே இயல்பாதலின், மொழியியலார்க்கு இப்பண்பு பெரிதும் உதவும்.

அடிநிலை மட்டுமன்றி விளைவே ஆளுக்கு ஆள் வேறுபடலாம். பெயர்ச்சொல் வேகம் சிலரிடம் மிகுந்தும் சிலரிடம் இல்லாமலும் இருக்கலாம். இதனைச் சேர்க்காத மாதிரி மீண்டும் மிகைச்சான்றில் வீழும் என்று பார் முதலியோர் 2013இல் வாதிட்டு, ஆய்வமைப்பு இடந்தரும் வேறுபாடுகள் அனைத்தையும் சேர்க்க வேண்டும் என்றனர். தரவு தாங்காத அளவு சேர்த்தால் உண்மை விளைவும் தப்பிவிடும் என்று மட்டுஷெக் முதலியோர் 2017இல் மறுத்தனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வருந்தத்தக்கது, பல கட்டுரைகளில் இவ்விவாதம் ‘முழு மாதிரி பொருத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டமையே. இரு சோதனைச் சடங்கின் இடத்தில் இன்னொரு சடங்கு அமர்ந்திருக்கிறது.

5. கலைச்சொல் பற்றி

இத்துறையைத் தமிழில் எழுதுவோர்க்குச் சொற்களே இடையூறு செய்கின்றன. ‘மாதிரி’ என்ற சொல், முழுமைத் தொகுதியிலிருந்து எடுக்கும் பகுதிக்கும், தரவை விளக்கும் கணித அமைப்பிற்கும் ஒருங்கே வழங்குகிறது. ‘மாதிரிக்கு மாதிரி பொருந்தவில்லை’ என்று எழுத நேரின் வாசகர் திகைப்பர். முன்னதைப் பழைய பாடநூல் வழக்குப்படி ‘கூறு’ என்பதே தெளிவு. இலங்கை வழக்கில் பின்னதற்கு ‘மாதிரியுரு’ என்ற சொல் உண்டு, அதுவும் ஏற்கத்தக்கது. நிலைத்த விளைவுக்கு எதிரானதைச் ‘சமவாய்ப்பு விளைவு’ என்பதில் ஓர் இடர் உள்ளது: அனைத்திற்கும் சமமான வாய்ப்பு என்ற பொருளை அது வலிந்து தருகிறது. இங்குக் கருதப்படுவது சமம் அன்று. இவருக்குப் பதில் இன்னொருவர் வந்திருக்கலாம் என்பதே. இலங்கையின் ‘எழுமாற்று’ இதற்கு நெருங்கி நிற்கிறது.

6. மூன்று கடைகள்

மாதிரியின் எல்லையைக் காட்ட வில்லியம் லபாவ் 1962இல் நியூயார்க் நகரில் நடத்திய பல்பொருள் அங்காடி ஆய்வினும் ஏற்ற சான்று இல்லை. உயர்நிலைச் சாக்சு, இடைநிலை மேசி, கடைநிலைக் கிளைன் ஆகிய மூன்று கடைகளின் பணியாளர்களிடம், நான்காம் மாடியில் கிடைக்கும் ஒரு பொருளுக்கு வழி கேட்டு, விடையில் உயிருக்குப்பின் வரும் ரகரம் ஒலிக்கிறதா என்று குறித்துக்கொண்டார். மீண்டும் சொல்லவைத்ததால் ஒருவர்க்கு நான்கு வாய்ப்புகள். சாக்சில் 68, மேசியில் 125, கிளைனில் 71 என மொத்தம் 264 பேர். ரகரத்தை முழுமையாகவோ ஓரளவோ ஒலித்தோர் முறையே 62, 51, 20 விழுக்காட்டினர்.

லபாவ் தம் முதன்மை அட்டவணையில் ஒலிகளை எண்ணாமல் ஆட்களை எண்ணினார். ஒரே வாயின் நான்கு ஒலிகளை நான்கு சான்றாக்கவில்லை. பின்வந்தோர் இதில் பின்தங்கினர். செடர்கிரனும் சாங்காஃபும் 1974இல் முன்வைத்த மாறிவிதிப் பகுப்பாய்வும் அதன் கணினி நிரல்களும் ஒவ்வோர் ஒலியையும் தனிச் சான்றாக எண்ணின. பேச்சாளரையும் ஒரு காரணியாகச் சேர்த்தாலோ, ஒருவர் ஒரே பாலினராதலின், பாலின் விளைவையும் ஆளின் விளைவையும் பிரிக்க இயலாது போயிற்று. டேனியல் ஜான்சன் 2009இல் அறிமுகப்படுத்திய ஆர்பிரல் நிரல்தான் ஆளை எழுமாற்று நிலையாக வைக்க மாறிவிதி ஆய்வாளர்க்கு வழி செய்தது.

ஆயினும் கடை என்ற நிலையில் எந்த நிரலும் உதவாது. ஒவ்வொரு சமூகப் படிக்கும் ஒரே ஒரு கடை. சாக்சுக்கும் கிளைனுக்கும் உள்ள வேறுபாடு படியால் வந்ததா, அவ்விரு கடைகளின் தனித்தன்மையால் வந்ததா என்பதை அம்மூன்று எண்களுக்குள் தேடிப் பயனில்லை. மூன்று குழுக்களைக் கொண்டு குழுக்களின் பரவலைக் கணிப்பது பெயரளவிலான கணிப்பே. லபாவ் சான்றை வேறிடத்தில் தேடினார். மேசிக்குள்ளேயே மேற்பார்வையாளர், விற்பனையாளர், சரக்கறைப் பணியாளர் எனப் பிரித்துப் பார்த்தார். சாக்சில் தரைத்தளத்தையும் மேல்தளங்களையும் ஒப்பிட்டார். கடைக்குள்ளும் அதே படிவரிசை தென்பட்டது. எனினும் அதுவும் அக்கடைகளுக்குள் கிடைத்த சான்றே.

ஜாய் ஃபௌலர் 1986இல் அதே ஆய்வை மீண்டும் நடத்தியபோது கிளைன் கடை மூடப்பட்டிருந்தது. அதனிடத்தில் மே என்ற வேறொரு கடையை வைத்தார். ரகரம் ஒலிப்போர் தொகை சற்றே கூடியிருந்தது. கடைகளின் வரிசை மாறவில்லை.