தற்செயலுக்குள் ஏழு எழுத்து

அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சரில் எச்.டி.டி.பி.எஸ். போடுவது பெரிய வித்தையில்லை. 443ஆம் போர்ட்டில் ஒரு லிஸனர், அதற்கொரு சான்றிதழ், ஒரு பாதுகாப்புக் கொள்கை, பின்னால் நிற்கும் சர்வர்களின் குழு. தேர்ந்தெடுத்துச் சேமித்தால், பிரவுசரில் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை போய்விடும். அத்தோடு எழுந்து போகிறவர்கள் போகட்டும். உள்ளே எட்டிப் பார்க்கிறவருக்கு ருசிக்க நிறைய இருக்கிறது.

சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். டொமைன் உங்களுடையதுதானா என்று அறிய அமேசானின் சான்றிதழ்ச் சேவை எந்தத் தாளையும் கேட்பதில்லை, டி.என்.எஸ்.ஸில் ஒரு சிநேம் பதிவு போடச் சொல்கிறது. பட்டா வேண்டாம், நான் தரும் முளைக்குச்சியை உன் நிலத்தில் அடித்துக் காட்டு என்பது மாதிரி. அந்தப் பதிவின் பெயர் அடிக்கோட்டில் தொடங்குகிறது. டி.என்.எஸ். பெயரில் அடிக்கோடு செல்லும். கம்ப்யூட்டருக்கு வைக்கிற ஹோஸ்ட் பெயரில் செல்லாது. ஆகவே எந்த வலைத்தளத்தின் பெயரோடும் இது மோத வழியே இல்லை. பதிவு சுட்டுகிற மறுமுனை அமேசானின் வசம் இருப்பதால், அதை நீக்காதவரை, லோடு பேலன்சரில் மாட்டிய சான்றிதழ் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இதன் அருமை இனிமேல்தான் தெரியப்போகிறது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 398 நாளிலிருந்து படிப்படியாக இறங்கி, 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகிறது. கையால் புதுப்பிக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

பாதுகாப்புக் கொள்கைக்குப் பெயர் வைத்தவர் நிச்சயம் கவிஞரல்ல. எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்குள் மறைகுறியாக்கம் செய்யும் நெறிமுறையான டி.எல்.எஸ்.ஸின் பதிப்புகள் 1.3, 1.2 என்று எண்கள், வாலில் 2021-06 என்று ஒரு தேதி. முடிந்தால் 1.3, முடியாவிட்டால் 1.2 என்று பொருள். அந்த ‘முடியாவிட்டால்’ ஒன்றுக்காகச் செய்திருக்கும் ஏற்பாட்டைப் போல நுட்பமான வேலைப்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் அனுப்பும் முதல் செய்தி ‘கிளையன்ட் ஹலோ’. அதில் பதிப்பு எண்ணுக்கென்று இரண்டு பைட் உண்டு. டி.எல்.எஸ்.ஸுக்கு முன்னோடியான எஸ்.எஸ்.எல். 3.0க்கு 03 00. 1999இல் வந்த டி.எல்.எஸ். 1.0க்கு 03 01, அப்படியே 1.2க்கு 03 03. அடுத்தது 03 04தானே? இல்லை. 1.3 பேசத் தெரிந்த பிரவுசரும் அங்கே 03 03 என்றே எழுதுகிறது. உண்மையான விருப்பத்தைப் பின்னால் ஒரு நீட்டிப்பில் தனியாகச் சொல்கிறது. வழியில் உட்கார்ந்திருந்த பழைய பயர்வால்களும் சில சர்வர்களும் அறியாத எண்ணைக் கண்டதும் இணைப்பையே முறித்ததுதான் காரணம். 28 வரைவுகள் கண்டு 2018 ஆகஸ்டில் வெளியான 1.3 தரநிலை, பழையவற்றைத் திருத்தப் புறப்படாமல் அவற்றின் கண்ணில் படாமல் போகக் கற்றுக்கொண்டது.

ஆனால் இரண்டு பதிப்புக்கும் இடம் கொடுத்தால் நடுவில் புகுகிறவனுக்கும் இடம் கிடைக்கும். பிரவுசர் 1.3 கேட்டதை அழித்து, 1.2தான் கேட்டது என்று சர்வரை நம்பவைக்கலாம். இதற்கு மருந்து சர்வரின் பதிலில் இருக்கிறது. அதில் 32 பைட் தற்செயல் எண் ஒன்று போகும். 1.3 தெரிந்த சர்வர் 1.2க்கு இறங்கி வர நேர்ந்தால், அந்த எண்ணின் கடைசி எட்டு பைட்டில் ஒரு குறிப்பை எழுதிவிடும்: டி, ஓ, டபிள்யூ, என், ஜி, ஆர், டி என்று ஏழு ஆங்கில எழுத்து, பின்னால் 01. அதாவது, ‘இறங்கச் சொன்னார்கள், இறங்கினேன்.’ 1.3 தெரிந்த பிரவுசர் இதைக் கண்டதும் இணைப்பை உதறிவிடும். பழைய பிரவுசருக்கோ அது வெறும் தற்செயல் எண். ஒன்றும் புரியாது, ஒன்றும் கெடாது. நடுவில் இருப்பவன் அழித்துவிட்டால்? இசிடிஎச்இ முறையில் சாவி பரிமாறும்போது சர்வர் போடும் கையெழுத்து இந்த எண்ணையும் சேர்த்தே மூடுகிறது. ஒரு பிட் மாறினாலும் கையெழுத்து செல்லாது. புதிய புலம் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்த இடம், ஏற்கெனவே இருந்த கையெழுத்து. சிக்கனம் என்றால் இது சிக்கனம்!

கூகுளின் டேவிட் பெஞ்சமின் கொண்டுவந்த ‘கிரீஸ்’ இதற்குத் தம்பி முறை. குரோம் தன் ஹலோவில் பொருளில்லாத எண்களை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறது. தெரியாததைக் கண்டால் ஒதுக்கிவிட்டுப் போக வேண்டும் என்ற விதியைச் சர்வர்கள் மறந்துவிடாதிருக்க இந்தப் பயிற்சி.

எச்.டி.டி.பி.யில் வருகிறவரை எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு அனுப்ப 80ஆம் போர்ட்டில் வைக்கும் 301 திருப்பலையும் சொல்ல வேண்டும். தளம், பாதை, கேள்விக்குறிக்குப் பின் வருபவை எல்லாம் அப்படியே இருக்க, வந்தவர் கேட்ட பக்கத்துக்கே போய்ச் சேருவார். உள்ளே சர்வருக்கு வெறும் எச்.டி.டி.பி.யாகப் போகும் கோரிக்கையில், வெளியே எப்படி வந்தது என்பதை ‘எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ’ என்ற தலைப்பு சொல்லும். அதைப் படிக்காமல் செயலியும் தன் பங்குக்கு எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்குத் திருப்பினால் பிரவுசர் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போகும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். லோடு பேலன்சருக்குப் பின்னாலும் டி.எல்.எஸ். வேண்டும் என்று சர்வர்களில் சான்றிதழ் வைத்தால், லோடு பேலன்சர் அதைச் சரிபார்ப்பதில்லை. காலாவதியானதும் செல்லும், தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்டதும் செல்லும். தங்கள் நெட்வொர்க் ஒவ்வொரு பாக்கெட்டையும் சரிபார்ப்பதால் ஆள்மாறாட்டத்துக்கு இடமில்லை என்பது அமேசான் தரும் சமாதானம். ஏற்கத்தக்கதுதான். இருந்தும், வாசலில் ஏழு எழுத்துக்கு அத்தனை மெனக்கெட்டதைப் பார்த்த கண்ணுக்கு இது உறுத்துகிறது. வேண்டுகிறவர்களுக்காவது சரிபார்க்கச் சொல்லி ஒரு டிக் பெட்டி வைத்திருக்கலாம்.