அளவுச் சட்டை

பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பதுளை பசார் வீதித் தையற்கடைக்கு வரும் பையில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் இருக்கும்: வெட்டாத துணி, அளவுக்காகப் போட்டுப் பழகிய சட்டை ஒன்று. சட்டைக்கு உரியவர் வரமாட்டார். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்து வந்து நாடாவுக்கு முன்னால் நிற்பதைவிட, டவுனுக்குப் போகிறவர் கையில் பையைக் கொடுத்து, “இதே மாதிரி, கை மட்டும் அரை அங்குலம் கூட்டி” என்று சொல்லிவிடுவது அவருக்கு லேசு. ஆளைப் பார்க்காமலே ஆளுக்குத் தைக்கும் இந்த ஏற்பாட்டை வசதிக் குறைவால் வந்த பழக்கம் என்று தள்ளிவிடலாம். நான் அதை ஒரு நல்ல தொழில்நுட்பம் என்பேன். ஒன்லைனில் அளவு கொடுத்து சேர்ட் தைப்பிக்கிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்களோ, அந்த இடத்தை இந்தப் பை சரியாகப் பிடித்திருக்கிறது.

ஒன்லைன் படிவம் வழக்கமாகக் கேட்பது உடம்பின் அளவு: கழுத்து, மார்பு, இடுப்பு, தோள், கை. உடம்பை அளப்பது லேசான வேலை இல்லை. மூச்சை இழுத்தால் மார்பு ஓரிரு அங்குலம் விரியும். அளக்கிறோம் என்று தெரிந்ததும் வயிறு தானாக உள்ளே போகும். நாடாவை ஒருவர் இறுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் தளரவிடுவார். இதற்கு மேல், கொடுத்த எண்ணோடு கம்பனி தன் கணக்குக்குக் கொஞ்சம் தளர்வைச் சேர்த்துக்கொள்கிறது. 38 அங்குல மார்புக்கு ஒருவர் 42இல் வெட்டுவார், மற்றவர் 44இல் வெட்டுவார். இரண்டும் தொழிலில் நியாயமே. எது தனக்கு வரப்போகிறது என்பதுதான் ஓடர் பண்ணியவருக்குத் தெரியாது. சட்டையோ மேசையில் விரித்தால் அசையாமல் கிடக்கிறது. ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரட்டித்தால் மார்பு வந்துவிடும். உடம்பின் அளவும் அந்தச் சட்டை தரும் தளர்வும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. ஆகவே சட்டையின் அளவை வாங்கிக்கொள்ளும் கம்பனியைத் தேடிப் பிடிப்பது, துணியையும் பொத்தானையும் தேர்வதைவிட முக்கியம்.

கனடாவில் 2007இல் தொடங்கிய இந்தோசீனோ, வாடிக்கையாளர் வீட்டிலேயே தன்னை அளந்து அனுப்பினால் போதும் என்ற நம்பிக்கையில் எழுந்த கம்பனி. சில ஆண்டுகளில் அதுவே காட்சியறைகளைத் திறந்து, ஆள் வைத்து அளவெடுக்கத் தொடங்கியது. தூரத்திலிருந்து தைப்பது நடக்காத காரியம் என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது: பழக்கமில்லாத கை உடம்பை அளந்தால் பிழை வரும். விரித்த சட்டையை அளக்க அவ்வளவு பழக்கம் தேவையில்லை.

ஆனால் எண்கள் எட்டாத இடம் ஒன்று உண்டு. தோள். மார்பு, இடுப்பு, நீளம் மூன்றும் ஒத்திருக்கும் இரண்டு சட்டைகளில் ஒன்று உடம்போடு போகும், மற்றது உடம்பை இழுக்கும். கை வந்து உடலோடு சேரும் வளைவில்தான் விஷயம் இருக்கிறது. ரெடிமேட் சட்டையில் பலருக்கும் நுழைய வேண்டும் என்பதற்காக அந்த வளைவைத் தாழ்த்தி, அகலமாக வெட்டிவிடுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் சட்டை முழுக்க எழும்பி, களிசானிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. வளைவு அக்குளை ஒட்டி உயர்ந்திருந்தால் கை மட்டும் போகும், உடல் இருந்த இடத்தில் இருக்கும். இறுக்கமாக வெட்டிய சட்டை அதிகம் அசையவிடுகிறது என்பதைக் கேட்டால் நம்பச் சிரமம், போட்டால் தெரியும். தோளின் சரிவும் இப்படித்தான். சரிந்த தோளுக்கு நேராக வெட்டினால் கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடும். உயர்ந்த தோளுக்குச் சரித்து வெட்டினால் முதுகில் கொலருக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு விழும். வலக்கைக்காரர் பலருக்கு வலத் தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். நல்ல தையற்காரர் இதையெல்லாம் ஆள் கடைக்குள் நுழையும்போதே பார்த்துவிடுகிறார். நாடாவை எடுப்பதே அதற்குப் பிறகுதான்.

அப்படியென்றால் அளவுச் சட்டை தன் குறையையும் சேர்த்துத்தானே கொண்டுபோகும் என்று கேட்கலாம். கொண்டுபோகும். அதனால்தான் ‘கை மட்டும் அரை அங்குலம் கூட்டி’ என்ற அந்தச் சொல் பையோடு போகிறது. பழைய சட்டை எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று அணிகிறவர் சொன்னால் அதுவே பாதி அளவு. முன், பின், பக்கம் என மூன்று படம் சேர்த்து அனுப்பினால், சுருக்கம் ஓடும் திசையைப் பார்த்துத் தோளின் கணக்கை வெட்டுகிறவர் ஊகித்துக்கொள்வார்.

சட்டை தைத்து உலகத்துக்கு அனுப்பும் இலங்கையில் எதற்கு இவ்வளவு பாடு என்றும் ஒரு கேள்வி வரும். ஜனாதிபதி பிரேமதாச ஆட்சியில் 1992இல் வந்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அந்தத் தொழிலைக் கொழும்புக்கு வெளியே கொண்டுவந்தது. மலையகத்துப் பெண்கள் பலரும் கார்மெண்ட் வேலைக்குப் போகிறார்கள். ஏற்றுமதியில் மிஞ்சி நடைபாதைக்கு வரும் சட்டையின் தையல், நியாயமாகச் சொன்னால், பசார் வீதித் தையலைவிட ஒருபடி மேல். குறை அளவில் இருக்கிறது. வெளிநாட்டு உடம்புக்குக் கணக்குப் பண்ணிய சைஸில் கழுத்து சரியாக இருந்தால் கை விரலை மூடும், கை சரியாக இருந்தால் கொலர் பிடிக்கும்.

அளவுச் சட்டையிலும் ஒரு பொறி இருக்கிறது. அது பலமுறை துவைத்துச் சுருங்கியது; வரப்போவது புதுப் பருத்தி. நூற்றுக்கு மூன்று சுருங்கினால் 25 அங்குலக் கையில் முக்கால் அங்குலமும், பதினைந்தரைக் கொலரில் ஏறக்குறைய அரை அங்குலமும் போய்விடும். துணியை முன்கூட்டியே சுருக்கி வெட்டுகிறார்களா என்று ஓடர் பண்ணுமுன் கேட்டாக வேண்டும். படிவங்கள் பெரும்பாலும் கேட்காத இன்னொன்று, குளிர். பதுளை டவுனில் சட்டை மட்டும் போதும். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் உள்ளே ஒரு பனியன், சிலருக்கு அதற்கும் மேல் மெல்லிய ஸ்வெட்டர். வெறும் உடம்பை அளந்து தைத்த சட்டை அங்கே ஆவணியில் பொருந்தும், மார்கழியில் பொத்தான் பூட்டாது. அளவுச் சட்டையைப் போட்டுப் பார்க்கும்போதே உள்ளே அணிவதையும் அணிந்து பார்ப்பதுதான் வழி.

இத்தனை செய்தும் முதல் சட்டை அநேகமாக முழுதாகப் பொருந்தாது. ஆகவே ஒரேயடியாக ஐந்தாறு ஓடர் பண்ணாமல், விலை குறைந்த வெள்ளைத் துணியில் ஒன்று மட்டும் வாங்கி, இரண்டு முறை துவைத்து, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பார்த்த பிறகு திருத்தம் எழுதவேண்டும். கம்பனியின் கோப்பில் அந்தத் திருத்திய அளவு ஏறியபிறகு அது எத்தனை முறையும் மாறாமல் வரும். பசார் வீதியில் வெட்டுகிறவர் மாறினால் சட்டையும் மாறும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் முதல் சட்டையை ஆனியிலேயே ஓடர் பண்ண வேண்டியிருக்கும். தையற்கடைக்குப் போகும் பை புரட்டாசியில் பஸ் ஏறினால் போதும்.